கார் கம்பெனிகளுக்கு அரசுப் பணம்: 2008-இல் யார் எந்தக் கொள்கையில் நின்றார்கள்?

கேள்வி இதுதான்: "சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பது அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் கொள்கை. அந்தக் கட்சியின் அதிபர் புஷ்தான் 2008-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கிரைஸ்லருக்கும் பணம் கொடுத்தார். அதைத் தடுக்கப் பார்த்ததும் அதே கட்சியின் செனட்டர்கள். இதில் யார் கொள்கைப்படி நடந்தார்கள்?"

கொள்கைப்படி நடந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வாக்கெடுப்புகளைப் புரிந்துகொள்ள ஒரு செனட்டரின் கட்சியைவிட அவருடைய மாநிலத்தில் யாருடைய கார் தொழிற்சாலை ஓடுகிறது என்பதுதான் அதிகம் உதவும். இரண்டு கட்சிக்கும் இது பொருந்தும். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

2008 செப்டம்பர் 15-இல் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தது. அக்டோபர் 3-இல், நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. டார்ப் என்று சொல்வார்களே, அது. நவம்பர் 18, 19 தேதிகளில் ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) ரிக் வாகனர், ஃபோர்டின் ஆலன் முலாலி, கிரைஸ்லரின் ராபர்ட் நார்டெல்லி ஆகிய மூன்று தலைமை அதிகாரிகளும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழுக்கள் முன் வந்து 2,500 கோடி டாலர் கடன் கேட்டார்கள். தனி விமானத்தில் வந்ததற்காக உறுப்பினர்கள் அவர்களை வறுத்தெடுத்தார்கள். கம்பெனியை எப்படி நிமிர்த்தப் போகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மக்கள் பணத்தைக் கேட்பவரிடம் அப்படிக் கேட்டது முற்றிலும் நியாயம். ஆனால் நான்கே நாளில், நவம்பர் 23 ஞாயிறு இரவு, சிட்டிகுரூப் வங்கிக்கு 2,000 கோடி டாலர் முதலீடும், 30,600 கோடி டாலர் சொத்துகளுக்கு அரசு உத்தரவாதமும் அறிவிக்கப்பட்டன. அதற்கு முன் பொது விசாரணை இல்லை, மறுசீரமைப்புத் திட்டம் கேட்கவில்லை, தலைவரையும் மாற்றச் சொல்லவில்லை. வங்கிக்கு ஒரு நியாயம், தொழிற்சாலைக்கு இன்னொரு நியாயம் என்ற முதல் முரண்பாடு இங்கே தொடங்குகிறது. இதில் இரு கட்சித் தலைமைக்கும் பங்கு உண்டு.

டிசம்பர் 10-இல் கார் கம்பெனிகளுக்கு 1,400 கோடி டாலர் கடன் தரும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 237–170 என்று நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 32 பேர் குடியரசுக் கட்சியினர். அவர்களில் ஒருவர் விஸ்கான்சினின் பால் ரயன். பிற்காலத்தில் சிக்கனத்துக்கும் சிறிய அரசுக்கும் கட்சியின் முகமாக ஆனவர் இவர். அவருடைய ஊரான ஜேன்ஸ்வில்லில் ஜிஎம் ஆலை இருந்தது. மிச்சிகனின் தாடியஸ் மெக்காட்டர் வங்கிகளுக்கான டார்ப் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர், கார் கடனை ஆதரித்தார். மறுநாள் செனட்டில் மசோதாவை விவாதத்துக்கு எடுக்க 60 வாக்கு வேண்டும். கிடைத்தது 52. எதிர்ப்பு 35. ஓஹியோவின் வொய்னோவிச், மிசூரியின் பாண்ட், இண்டியானாவின் லூகர் போன்ற குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள். மூன்றும் டெட்ராய்ட் கம்பெனிகளின், அதாவது ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லரின், ஆலைகள் உள்ள மாநிலங்கள். கார் ஆலையே இல்லாத மொன்டானாவின் இரண்டு ஜனநாயகக் கட்சி செனட்டர்களும் எதிர்த்தார்கள்.

எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்கள் அலபாமாவின் ரிச்சர்ட் ஷெல்பி, டென்னசியின் பாப் கார்க்கர், கென்டக்கியின் மிட்ச் மெக்கானல். இவர்களை ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஷெல்பி டார்ப் சட்டத்தையும் எதிர்த்து வாக்களித்தவர். மத்திய அரசின் பணம் என்ற அளவில் அவர் நிலைப்பாடு ஒன்றுதான். கார்க்கரும் மெக்கானலும் வங்கிகளுக்கு 70,000 கோடியை ஆதரித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து கார் கம்பெனிகளுக்கு 1,400 கோடியை மறுத்தார்கள்.

ஆனால் மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. 1993-இல் மெர்சிடிஸ் பென்ஸை வான்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுவர அலபாமா கொடுத்த சலுகைகளின் மதிப்பு சுமார் 25.3 கோடி டாலர். அப்போது கம்பெனி வாக்களித்த வேலைகள் 1,500. வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 1.69 லட்சம் டாலர். அடுத்து ஹோண்டாவுக்கும், 2002-இல் ஹூண்டாய்க்கும் அதே மாநிலம் அள்ளிக் கொடுத்தது. கென்டக்கி 1980-களில் டொயோட்டாவை ஜார்ஜ்டவுனுக்கு அழைத்து வந்தது. டென்னசியின் கதை இன்னும் நெருக்கமானது. செனட் வாக்கெடுப்புக்கு ஐந்தே மாதம் முன்பு, 2008 ஜூலையில், ஃபோக்ஸ்வேகன் சட்டனூகாவில் ஆலை அமைப்பதாக அறிவித்தது. மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து கொடுத்த சலுகை சுமார் 57.7 கோடி டாலர். அந்தச் சட்டனூகாவின் முன்னாள் மேயர்தான் பாப் கார்க்கர்.

இந்தச் சலுகைகள் எந்த வடிவில் போகின்றன என்று தெரிந்தால்தான் இவற்றை ஏன் யாரும் "பெயில் அவுட்" (அரசுப் பணத்தில் மீட்பு) என்று அழைப்பதில்லை என்பது புரியும். நிலத்தை மாநிலமோ மாவட்டமோ வாங்கி, சமன் செய்து, பெயரளவு விலைக்குக் கொடுக்கும். ஆலை வரைக்கும் நெடுஞ்சாலை இணைப்பும் ரயில் பாதையும் அரசுச் செலவு. சொத்துவரி பல ஆண்டுகளுக்குக் கிடையாது அல்லது குறைவு. கம்பெனி வருமான வரியில் கழிவு. தொழிலாளர்களுக்கு மாநிலச் செலவில் பயிற்சி. தமிழ்நாட்டில் கார் ஆலைகளுக்கான ஒப்பந்தங்களைக் கவனித்தவர்களுக்கு இந்தப் பட்டியல் பழகியதுதான். இதில் பெரும்பகுதி காசோலையாகப் போவதில்லை, வராத வரியாகப் போகிறது. வராத வரிக்கு ஆண்டுதோறும் வாக்கெடுப்பு கிடையாது. கடன் என்றால் திரும்ப வரவேண்டும், தள்ளுபடி வரி திரும்ப வராது. அந்தக் கணக்கில் பார்த்தால், நெருக்கடி எதுவும் இல்லாத நல்ல காலத்தில் லாபத்தில் ஓடும் கம்பெனிக்குக் கொடுக்கும் சலுகையை நியாயப்படுத்துவது, விழப்போகும் கம்பெனிக்குக் கொடுக்கும் கடனை நியாயப்படுத்துவதைவிடக் கடினம்.

செனட் பேச்சு முறிந்த இடமும் கவனிக்க வேண்டியது. கார் தொழிலாளர்களின் யுஏடபிள்யூ தொழிற்சங்க உறுப்பினர்களின் கூலி, வெளிநாட்டுக் கம்பெனிகளின் அமெரிக்க ஆலைக் கூலிக்கு 2009-க்குள் இறங்க வேண்டும் என்றார் கார்க்கர். அப்போதைய ஒப்பந்தம் முடியும் 2011 வரை நேரம் வேண்டும் என்றது சங்கம். சட்டமன்றம் ஒரு தனியார் துறையின் கூலி அளவையும் தேதியையும் நிர்ணயிப்பதை எந்தச் சந்தைக் கோட்பாட்டில் சேர்ப்பது? கடன் கொடுப்பவன் நிபந்தனை போடலாம் என்பது சரி. ஆனால் வங்கிகளுக்குக் கொடுத்தபோது வங்கி ஊழியரின் சம்பளத்துக்கு அப்படி ஒரு அளவுகோல் கேட்கப்படவில்லை.

அந்த நாட்களில் "டெட்ராய்ட் தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர்" என்ற எண் எல்லா இடத்திலும் ஓடியது. அது எப்படி வந்தது என்றால், ஓய்வுபெற்ற லட்சக்கணக்கானவர்களின் ஓய்வூதிய, மருத்துவச் செலவையும் சேர்த்து, இன்று வேலை செய்பவர்களின் மணிக்கணக்கால் வகுத்தார்கள். உண்மையான அடிப்படைக் கூலி சுமார் 28 டாலர். 2007 ஒப்பந்தப்படி புதிதாகச் சேர்பவருக்கு 14 டாலரில் தொடக்கம். தெற்கு மாநில ஆலைகள் புதியவை, அவற்றில் ஓய்வுபெற்றவர்கள் மிகக் குறைவு. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மருத்துவக் காப்பீட்டுச் சுமையின் பெரும்பகுதியை நாடு தழுவிய ஏற்பாடுகள் ஏற்கின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஒற்றை எண்ணை வைத்துத் தொழிலாளியைக் குற்றவாளியாக நிறுத்தியது பெரிய அநியாயம்.

மசோதா விழுந்த பிறகு புஷ் என்ன செய்தார்? டிசம்பர் 16-இல் சிஎன்என் பேட்டியில், சுதந்திரச் சந்தை அமைப்பைக் காப்பாற்றுவதற்காகச் சுதந்திரச் சந்தைக் கொள்கைகளைக் கைவிட்டேன் என்று சொன்னார். டிசம்பர் 19-இல் டார்ப் நிதியிலிருந்து 1,740 கோடி டாலர் அறிவித்தார். ஜிஎம்முக்கு 1,340 கோடி, கிரைஸ்லருக்கு 400 கோடி. அந்தச் சட்டம் பேசுவது "நிதி நிறுவனங்களை" பற்றி. கார் தயாரிப்பாளர் எப்படி நிதி நிறுவனம் ஆவார் என்பதற்குத் தெளிவான விடை அன்றும் இல்லை. செனட்டில் தடைபட்டதை நிர்வாகம் வேறு கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. என் பார்வையில் பொருளாதார முடிவு சரி, அதை எடுத்த வழி தவறான முன்னுதாரணம். இன்னொரு விஷயத்தையும் பலர் மறந்துவிட்டார்கள். கடனில் மூன்றில் இரண்டு பங்கைப் பங்குகளாக மாற்றுவது, 2009 முடிவுக்குள் கூலியை வெளிநாட்டு ஆலைகளோடு சமன் செய்வது போன்ற கார்க்கரின் கோரிக்கைகள் புஷ் கடனில் இலக்குகளாக இடம்பெற்றன.

சரி, அரசுப் பணமே கொடுக்காமல் மஞ்சள் கடுதாசி கொடுக்க விட்டிருந்தால் என்ன? சந்தைவாதிகளின் வலுவான வாதம் இதுதான், நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தில் கம்பெனி ஓடிக்கொண்டே கடனைச் சீரமைக்கலாம். விமான நிறுவனங்கள் பல முறை செய்திருக்கின்றன. ஆனால் அதற்கு ஒரு எரிபொருள் வேண்டும்: திவால் காலத்தில் கூலி, உதிரிபாகம், மின்சாரத்துக்கான புதுக் கடன். ஜிஎம்முக்குப் பிறகு தேவைப்பட்டது சுமார் 3,000 கோடி டாலர். 2008 குளிர்காலத்தில் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் தரவே அஞ்சின. அவ்வளவு பணத்தைத் தர உலகில் எந்தத் தனியார் இடமும் இல்லை. புதுக் கடன் இல்லாவிட்டால் 11-ஆம் அத்தியாயம் 7-ஆம் அத்தியாயமாக மாறும். அதாவது கதவைப் பூட்டி இயந்திரங்களை ஏலம் விடுவது.

அடுத்த சங்கிலி உதிரிபாகக் கம்பெனிகள். பாகத்தை அனுப்பி ஒன்றரை மாதம் போல் காத்திருந்துதான் அவர்களுக்குப் பணம் வரும். ஜிஎம் நின்றால் அந்த நிலுவை முழுவதும் வாராக்கடன். இருக்கைப் பட்டையோ வயர் தொகுப்போ செய்பவர் மூடினால், அதே பாகத்தை வாங்கும் ஃபோர்டின் வரிசையும் நிற்கும். ஹோண்டா, டொயோட்டாவின் அமெரிக்க ஆலைகளும் தடுமாறும். கடன் வாங்காத ஃபோர்டின் முலாலி போட்டியாளர்களுக்காகக் காங்கிரஸில் வாதாடியது இதனால்தான். 2006-லேயே தன் நீல நிற வணிக முத்திரை உட்படச் சொத்துகளை அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் திரட்டியதால் ஃபோர்டு தப்பியது. ஆனால் "அரசு உதவியே பெறாத ஃபோர்டு" என்று பிறகு பேசியது முழு உண்மை அல்ல. எரிசக்தித் துறையின் குறைந்த வட்டிக் கடனாக 2009-இல் ஃபோர்டுக்கு 590 கோடி டாலர் ஒப்புதல் ஆனது. அதே திட்டத்தில் நிசானுக்கு டென்னசி ஆலைக்காக சுமார் 140 கோடி, டெஸ்லாவுக்கு 46.5 கோடி.

2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான மிட் ராம்னி 2008 நவம்பரில் எழுதிய கட்டுரையை இந்த இடத்தில் வைத்துப் படிக்க வேண்டும். டெட்ராய்ட் திவாலாகட்டும் என்ற பொருளில் நாளிதழ் வைத்த தலைப்பு அவரை 2012 தேர்தல் வரை துரத்தியது. உள்ளே அவர் சொன்னது கட்டுப்பாடான திவால் நடவடிக்கை, அதற்குப் பிந்தைய கடனுக்கு அரசு உத்தரவாதம், கார் வாங்கியவர்களின் வாரண்டிக்கும் உத்தரவாதம். ஒபாமா கடைசியில் செய்ததும் அதற்கு வெகுதூரம் இல்லை. உத்தரவாதம் கொடுத்தால் தனியார் பணம் வந்திருக்கும் என்று ராம்னி நம்பினார், அன்றைய சந்தையில் அது வந்திருக்காது. 2012-இல் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் போட்டியாளர் ரிக் சாண்டோரம் அவரிடம் கேட்டது கூர்மையான கேள்வி: வால் ஸ்ட்ரீட் மீட்பை ஆதரித்துவிட்டு டெட்ராய்ட் மீட்பை எதிர்ப்பது எப்படி? இரண்டையும் எதிர்த்த சாண்டோரமுக்கு அதைக் கேட்கும் உரிமை இருந்தது.

இப்போது ஜனநாயகக் கட்சியின் பக்கம். 2009 மார்ச் 30-இல் ஒபாமா இரு கம்பெனிகளின் திட்டங்களையும் நிராகரித்தார், வாகனர் வெளியேற்றப்பட்டார். கிரைஸ்லர் ஏப்ரல் 30-இலும் ஜிஎம் ஜூன் 1-இலும் திவால் மனு போட்டன. பயன்பட்டது திவால் சட்டத்தின் 363-ஆம் பிரிவு. வேலை நடந்த விதம் இது: அரசுப் பணத்தில் ஒரு புதுக் கம்பெனி உருவாகும். பழைய கம்பெனிக்கு ஏற்கெனவே கொடுத்த கடனையே விலையாகக் காட்டி நல்ல ஆலைகளையும் பிராண்டுகளையும் அது வாங்கும். நீதிபதி ஒப்புவார். பழைய கடன்களும் மூடிய ஆலைகளும் வழக்குகளும் பழைய கூட்டில் கிடக்கும். ஜிஎம் ஜூலை 10-இல் புதுக் கம்பெனியாக வெளியே வந்தது. அமெரிக்க அரசுக்கு சுமார் 61 சதவீதம், கனடா தரப்புக்கு சுமார் 12, ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவைப் பார்க்கும் தொழிற்சங்க மருத்துவ அறக்கட்டளைக்கு 17.5, பழைய கடன் பத்திரக்காரர்களுக்கு 10 சதவீதம்.

சிக்கல் யாருக்கு எவ்வளவு என்பதில்தான். கிரைஸ்லருக்குச் சொத்துப் பிணையின் பேரில் கடன் கொடுத்தவர்களுக்கு வரவேண்டியது 690 கோடி டாலர், கிடைத்தது 200 கோடி. டாலருக்கு 29 சென்ட். வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய மருத்துவ அறக்கட்டளைக்குப் புதுக் கிரைஸ்லரின் பெரும்பங்கு போனது. இண்டியானாவின் ஆசிரியர், காவலர் ஓய்வூதிய நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை போயும் விற்பனையை நிறுத்த முடியவில்லை. ஆலையை ஏலம் விட்டிருந்தால் 200 கோடிகூட வந்திருக்காது என்று அரசு சொன்னது, அநேகமாக அது உண்மை. ஆனாலும் முன்னுரிமை வரிசையைப் பணம் கொடுப்பவர் நினைத்தபடி மாற்றலாம் என்ற எண்ணம் கடன் சந்தைக்கு நல்லதல்ல. டெல்பி என்ற உதிரிபாகக் கம்பெனியில் நடந்தது இன்னும் மோசம். சங்கத் தொழிலாளர்களின் ஓய்வூதியக் குறையை ஜிஎம் ஈடுகட்டியது. சங்கத்தில் இல்லாத சுமார் 20,000 அலுவலக ஊழியர்கள் வெட்டோடு விடப்பட்டார்கள். தொழிலாளி நலன் பேசும் கட்சியின் ஆட்சியில் இது நடந்தது.

அதே மார்ச் மாதத்தில் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தில் 16.5 கோடி டாலர் போனஸ் விவகாரம் வெடித்தது. ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் லாரி சம்மர்ஸ், ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அரசு அவற்றை நினைத்தபடி ரத்து செய்ய முடியாது என்றார். கார் தொழிலாளர்களின் ஒப்பந்தம் அந்த வாரங்களிலேயே பிரித்து மேயப்பட்டுக்கொண்டிருந்தது.

விற்பனையாளர்கள் விஷயத்தில் இரு கட்சியும் கைகோத்தன. கிரைஸ்லர் 789 டீலர்களை நீக்கியது, ஜிஎம்மும் ஆயிரத்துக்கு மேல் நீக்க முயன்றது. மீட்பே கூடாது என்ற உறுப்பினர்கள்கூட என் தொகுதி டீலரை மூடாதே என்று கிளம்பினார்கள். 2009 டிசம்பரில் டீலர்கள் நடுவர் தீர்ப்புக்குப் போகச் சட்டமே வந்தது. தொழிற்சாலை சில மாநிலங்களில்தான் இருக்கும், டீலர் எல்லாத் தொகுதியிலும் இருப்பார், தேர்தல் நன்கொடையும் தருவார். கார் கம்பெனி வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கக் கூடாது என்ற மாநிலச் சட்டங்களும் அந்த பலத்தில் நிற்கின்றன. சந்தைச் சுதந்திரம் பேசும் டெக்சாஸில் ஆலை வைத்திருக்கும் டெஸ்லாவுக்கு, அந்த மாநிலத்தில் கடை வைத்து நேரடியாக விற்கத் தடை இருக்கிறது.

இது 2008-இல் முளைத்த நோய் அல்ல. சுதந்திர வர்த்தகத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படும் ரீகன், 1981-இல் ஜப்பானிய கார்களை ஆண்டுக்கு 16.8 லட்சம் என்ற "தன்விருப்பக்" கட்டுப்பாட்டுக்கு உடன்பட வைத்தார். எண்ணிக்கைக்கு வரம்பு வந்ததும் ஜப்பானியர் ஒரு காரில் அதிக லாபம் பார்க்கும் விலை உயர்ந்த மாடல்களுக்கு நகர்ந்தார்கள். அகியூராவும் லெக்சஸும் இன்ஃபினிட்டியும் அந்தப் பத்தாண்டில் பிறந்தன. வரம்புக்குள் வராத வழியாக அமெரிக்காவிலேயே ஆலையும் கட்டினார்கள். அந்த ஆலைகளில் சில 2008-இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக வாக்களித்த செனட்டர்களின் மாநிலங்களில் நின்றன. அதற்கும் முன்னால், ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக 1960-களில் ஜான்சன் காலத்தில் வந்த 25 சதவீத சிறு டிரக் வரி, இரு கட்சி ஆட்சியிலும் தொடர்ந்தது. டெட்ராய்ட் தன் லாபத்தையெல்லாம் பிக்கப்பில் தேடி, சிறிய காரை அலட்சியம் செய்ததற்கு இந்த வேலி ஒரு முக்கியக் காரணம். அதே வரியைத் தவிர்க்க ஃபோர்டு துருக்கியிலிருந்து வேன்களைப் பின்னிருக்கையோடு பயணிகள் வண்டியாக இறக்கி, துறைமுகம் தாண்டியதும் இருக்கையைக் கழற்றியது. அந்த வழக்கை 2024-இல் 36.5 கோடி டாலர் கொடுத்து முடித்தது.

மொத்தக் கணக்கு: ஜிஎம், கிரைஸ்லர், அவற்றின் நிதிப் பிரிவுகள் எல்லாம் சேர்த்து டார்ப் வழியே போனது சுமார் 8,000 கோடி டாலர். கடைசி ஜிஎம் பங்கு 2013 டிசம்பரில் விற்கப்பட்டது. திரும்பாமல் போனது சுமார் 930 கோடி.

ஒரு அரசியல்வாதி கார் துறை பற்றிச் சந்தைக் கொள்கை பேசும்போது மூன்றைச் சரிபார்த்தால் போதும். அவருடைய மாநிலம் கார் ஆலைக்குக் கொடுத்த வரிச்சலுகையை எதிர்த்தாரா? இறக்குமதி வரியை எதிர்த்தாரா? வங்கி மீட்பில் எப்படி வாக்களித்தார்? டெக்சாஸின் ரான் பால் போன்ற வெகுசிலர் தேறுவார்கள். அவர்களோடு உடன்படாவிட்டாலும் மதிக்கலாம்.

2025-இல் டிரம்ப் இறக்குமதி கார்களுக்கு 25 சதவீத வரி போட்டபோது இந்தச் சோதனை மறுபடி தேவைப்பட்டது. ஏப்ரல் 3-இல் வரி அமலானது. அந்த மாத இறுதியிலேயே, உள்நாட்டில் பாகங்களைப் பொருத்தி உருவாக்கிய காரின் விலையில் 3.75 சதவீதத்துக்கு ஈடான தொகையை உதிரிபாக வரியில் கழித்துக்கொள்ளக் கம்பெனிகளுக்குச் சலுகை வந்தது. ஆகஸ்டில் கணினிச் சிப் தயாரிக்கும் இன்டெல் கம்பெனியின் சுமார் 10 சதவீதப் பங்கை அரசு எடுத்துக்கொண்டது. 2009-இல் ஜிஎம்மை "அரசாங்க மோட்டார்ஸ்" என்று சாடிய கட்சியில் செனட்டர் ராண்ட் பால் உட்பட மிகச் சிலர்தான் இதை வெளிப்படையாக எதிர்த்தார்கள். 2008 டிசம்பர் கடனுக்கு இரு சபையிலும் வாக்கு கேட்டார்கள், யார் எந்தப் பக்கம் என்று பதிவானது. இந்த வரிக்கும், வரிக்கழிவுக்கும், பங்குக்கும் காங்கிரஸில் தனி வாக்கெடுப்பு நடக்கவில்லை.